தண்ணி வத்தின நேரத்துக்கு வா

பாப்பா,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டி அனுப்பப்போவதில்லை. நாலாக மடித்துப் படகுக்கார ஏகாம்பரத்தின் கையில் கொடுப்பேன். அவன் அக்கரைக்குக் கொண்டுபோய், படூர் பக்கம் பஸ் ஏறுகிற யாரிடமாவது கொடுத்து, நீ அங்கே தங்கியிருக்கிற அறையில் சேர்க்கச் சொல்வான். நடுவில் அவன் படிப்பான். படகில் இருக்கிற நாலு பேருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவான். பொழுது சாய்வதற்குள் பஞ்சாயத்துத் தலைவர் காதுக்கும் போய்விடும். போகட்டும். இதில் பாதி உனக்கு, பாதி இந்த ஊருக்கு. நேரில் வாயைத் திறந்தால் "அந்தம்மா எப்பவும் இப்டித்தான்" என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். எழுதி வைத்தால் சிரித்துக்கொண்டாவது கடைசிவரை படிப்பார்கள் அல்லவா?

நேற்று அப்பாவின் செல்போனில் நீ கூப்பிட்டாயே, அதிலிருந்துதான் இது ஆரம்பம். வேலைக்கான உத்தரவு வந்துவிட்டது, உதவிப் பொறியாளர், தெற்கே ஏதோ ஒரு மாவட்டம், சேருவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து அப்பா காலில் விழுந்துவிட்டுப் போகிறேன் என்றாய். நான் அழுதுவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம் நீ. "ம்மா, ஊர்ல எனக்கு வரவேற்பாம். தலைவரு போன் பண்ணாரு. பலகைலாம் எட்த்து சேத்து மேல போடறாங்களாம். என்னைத் தோள்ல தூக்கினு வரப்போறாங்களாம்மா, சிரிப்பா கீது. வேணான்னு சொல்லலாம்னுதான் பாத்தேன். பாவம், ஆசையா கேக்கறாங்க" என்றாய். சிரிப்பாக இருக்கிறது என்று சொன்னாயே தவிர, அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இருந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா?

இனி நான் எழுதப்போவதில் பாதி உனக்குத் தெரிந்த கதை. ஆனால் உன் புது ஆபீஸில் கூட வேலை செய்கிறவர்களிடம் நீ இதைக் காட்டினாலும் காட்டலாம். அவர்களுக்கும் விளங்கட்டும் என்று விரித்தே எழுதுகிறேன். பாலாறு கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, தென்கரையில் இருக்கிறது நம் ஊர். வடக்கே ஆறு, கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் சதுப்பும். தெற்கே சவுக்குத் தோப்பு வழியாக ஒரு மணல் பாதை உண்டு, டிராக்டர் போனால் அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வேண்டும். பஸ் போகிற ரோடு, ஆஸ்பத்திரி, மார்க்கெட், பள்ளிக்கூடம் எல்லாம் அக்கரையில். அக்கரை கெட்டியான மணல், படகு முட்டி நிற்கும். நம் கரைதான் சேறு. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கல் துறை இருந்ததாம், நெல்லும் சவுக்கும் உப்பும் ஏற்றிக்கொண்டு தோணிகள் கால்வாய் வழியாகப் பட்டணம் போயினவாம். இப்போது நாலு கல்தூண் மட்டும் சேற்றுக்குள்ளிருந்து தலை காட்டுகிறது. கடல் தண்ணீர் ஏறும்போது படகு கரைக்குப் பக்கம் வரும். வற்றிவிட்டால் படகுக்கும் கரைக்கும் நடுவே முழங்கால் சேறு, சில இடத்தில் தொடை வரைக்கும். நாம் கேட்டது பாலம்கூட இல்லை. அந்தச் சேற்றைத் தாண்டித் தண்ணீர் வரைக்கும் ஒரு கான்கிரீட் துறை. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து கேட்கிறார்கள். அதற்கு முன்னாலிருந்தே கேட்டார்கள் என்றும் சொல்கிறார்கள்.

நான் மதுராந்தகம் ஏரிக்கரைக்காரி. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ரயில் சத்தம் கேட்கும், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போவோம். பெண் பார்க்க வந்தவர்கள் "ஆத்தங்கரை ஊரு, தண்ணிக்குப் பஞ்சமில்ல" என்றார்கள். என் அப்பா மயங்கிவிட்டார். கல்யாணம் முடிந்து படகில் வந்து இறங்கும்போது தண்ணீர் வற்றிக் கிடந்தது. உன் அப்பாவை அவருடைய மாமன் மகன் முதுகில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போய்விட்டான். புது மாப்பிள்ளை காலில் சேறு படக்கூடாது, அது இந்த ஊர் வழக்கம். எனக்கும் யாராவது வருவார்கள் என்று பட்டுப்புடவையோடு படகில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. கரையில் இருந்த ஒரு அம்மா, "எறங்கி வாம்மா, சேறு பட்டாத்தான் எங்க ஊரு உனக்கு ஒட்டும்" என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். மருமகளுக்கு அது வழக்கமாம். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, அத்தனை ஆம்பிளைகள் பார்க்க, விழுந்து எழுந்து வந்தேன். கால் கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் யாரும் தரவில்லை. சேற்றுக் காலோடுதான் விளக்கு ஏற்றினேன். இதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, ஏனென்றால் சொன்னால் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் அப்படியே திரும்பி வரும்.

யார் காலில் சேறு படலாம், யார் காலில் படக்கூடாது என்று ஒரு ஊரே சேர்ந்து முடிவு செய்து வைத்திருக்கிறது பார். மாப்பிள்ளை காலில் படக்கூடாது. சாமி தூக்குகிறவர் காலில் படக்கூடாது. விருந்தாளி காலில் படக்கூடாது. மற்ற எல்லார் காலும் அதிலேயே ஊறலாம். நம் பழங்களுக்குக்கூட அந்த விதிதான். கோடையில் தர்பூசணி அறுத்து, கரையிலிருந்து படகுவரை சேற்றில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி ஏற்றுவோமே, நீயும் நின்றிருக்கிறாய். ஒரு பழம் நழுவினால் அது போச்சு. நழுவாத பழத்திலும் சேறு அப்பியிருக்கும். அக்கரையில் லாரியோடு நிற்கிற வியாபாரி அதை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "சேத்துப் பயம்தானே" என்று விலையைக் குறைப்பான். உள்ளே அதே சிவப்பு, அதே இனிப்பு. நம் ஊர்ப் பழத்துக்கு மார்க்கெட்டில் இன்றைக்கும் சேற்றுப் பழம் என்றுதான் பேர்.

உனக்குப் பத்து வயசு இருக்கும்போது அந்தப் பொறியாளர் வந்தார். எத்தனையோ மனுக்களுக்குப் பிறகு, துறை கட்டுவதற்கு இடம் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து ஒரு ஆபீசர் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. திரௌபதி அம்மன் கோயிலில் ஊர் கூடியது. என்ன கேட்க வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்று பேசுவார்கள் என்று நினைத்தேன். பேசினதெல்லாம் அவரை எப்படி அழைத்து வருவது என்றுதான். தலைவர் சொன்னார்: "மொத மொத நம்ம ஊருக்கு ஒரு ஆபீசரு வர்றாரு. சேத்துல எறக்கினா மரியாதையா இருக்குமா? நாளைக்கு வெளிய போயி நம்மள பத்தி இன்னா சொல்வாரு?" உடனே ஏகாம்பரம், "பத்து மணிக்கா வரச் சொல்லுங்க. அன்னிக்கு அந்நேரம் தண்ணி ரொம்பிகினு நிக்கும். படகைக் கரை கிட்டவே வுட்டுடறேன்" என்றான். எல்லாரும் அவனைப் பாராட்டினார்கள். அப்படியும் கொஞ்சம் சேறு மிச்சமிருக்குமே, அதற்குப் பொதுப் பணத்தில் புதுப் பலகை வாங்கினார்கள். என் சீர் ஜமுக்காளத்தைக் கொண்டுபோய்ப் படகில் விரித்தேன். இறால் வறுவலும் கத்தரிக்காய்க் குழம்பும் என் கை. எனக்கும் அந்தக் கூத்தில் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

வந்தவர் கெட்டவராக இருந்திருந்தால் இத்தனை வருஷம் அவரையாவது திட்டிக்கொண்டிருக்கலாம். அந்த வசதியும் எனக்கு இல்லை. ஒல்லியான ஆள், கண்ணாடி போட்டிருந்தார், எல்லாரிடமும் "நீங்க, வாங்க" என்று பேசினார். படகுக்கும் பலகைக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அவர் குனிந்து ஷூவைக் கழற்றப் போனார். சத்தியமாகக் கழற்றத்தான் போனார். அதற்குள் உன் அப்பா தண்ணீரில் குதித்து, "ஏறுங்க சார், ஒண்ணியும் ஆவாது" என்று முதுகைக் காட்டினார். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கி அப்பா முதுகில் வைத்தார்கள், மாப்பிள்ளையை வைப்பதுபோல. பலகையில் இறக்கிவிட்டதும் அவர் அதை மிதித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, துறைய நல்லாத்தான் வச்சிருக்கீங்க" என்றார். தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் ஊர் ஒத்துமைதான் சார்" என்றார். உங்களுக்காக நேற்று போட்டது சார் என்று ஒரு வாய் சொல்லவில்லை. சாப்பிட்டார், இளநீர் குடித்தார், தண்ணீர் இறங்குவதற்குள் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். தண்ணீர் இறங்கினால் அவருக்குச் சிரமமாகிவிடுமாம்!

அன்று சாயங்காலம் நீ என்னிடம் ஓடி வந்து சொன்னாய்: "ம்மா, அந்த சாரு ஷூல ஒரு பொட்டு சேறு கூட இல்ல, பாத்தியா? நானும் பட்ச்சி அந்த மாரி ஆவேன்." நான் உன்னைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தேன். படிப்பேன் என்கிறதே குழந்தை என்று அத்தனை சந்தோஷம். நீ சொன்னதில் எது படிப்பு, எது ஷூ என்று நான் அன்றைக்குப் பிரித்துப் பார்க்கவில்லை. நேற்று போனில் உன் சிரிப்பைக் கேட்டபோதுதான் பிரித்துப் பார்த்தேன்.

பிறகு நடந்தது தெரியும். மாதக் கணக்கில் காத்திருந்துவிட்டுத் தலைவர் செங்கல்பட்டுக்குப் போனார். அங்கே ஒரு குமாஸ்தா, "உங்க ஊர்லதான் துறை நல்லா கீதாமே. பாத்துட்டு வந்த சாரே எழுதிட்டாரு. ஒண்ணுமே இல்லாத ஊருங்க எத்தினி வரிசைல நிக்குது தெரியுமா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தலைவர் திரும்பி வந்து கோயிலில் இதைச் சொன்னபோது நான் பொம்பளைகள் பக்கத்திலிருந்து கேட்டேன்: "அது அவுருக்காவ போட்ட பலகைன்னு சொல்றதுதானே?" அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "எப்டிமா சொல்றது? ஏமாத்தினா மாரி ஆயிடாது? வந்து நம்ம கையில சோறு துன்னுட்டுப் போன மனுசன்." அதோடு முடிந்தது. ஒரு நல்ல மனுஷன், ஒரு மரியாதையான ஊர், இரண்டும் சேர்ந்து நம் துறையைப் புதைத்துவிட்டன.

பலகையையாவது அங்கேயே விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. தண்ணீர் ஏறினால் மிதந்து போய்விடும், சேற்றில் கிடந்தால் மக்கிவிடும், அடுத்த ஆபீசர் வரும்போது என்ன செய்வது என்று கழுவித் துடைத்துக் கோயில் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்கள். கூத்து வாத்தியாரின் கிரீடமெல்லாம் இருக்குமே, அந்தக் கொட்டகைதான். சாவி தலைவர் வீட்டில். மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்காவது எடுத்துப் போடுங்கள் என்று கேட்டதற்கு, "பிள்ளைங்க போட்டு நாஸ்தி பண்ணிடும்" என்றார்கள். நீ ஆறாவதிலிருந்து யூனிபாரம் பாவாடையைத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு, உள்பாவாடையோடு சேற்றில் இறங்கிப் போய், படகில் ஏறி, அக்கரையில் கால் கழுவிக்கொண்டு போவாயே, அப்போதெல்லாம் அந்தப் பலகை உள்ளே சுத்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

நீ பத்தாவது முடித்த கோடையில் உன் அப்பா விழுந்தார். தர்பூசணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு படகுக்குப் போனவருக்கு, முன்னால் வைத்த கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. மூட்டை மேலே விழுந்தது. அவர் கத்தின சத்தத்தை நீ மறந்திருக்க மாட்டாய், அதை நான் எழுதப்போவதில்லை. தண்ணீர் வற்றிக் கிடந்தது, படகு எட்டத்தில் நின்றது, அவரைத் தூக்க முடியவில்லை. அப்போதுதான் யாரோ ஓடிப்போய்க் கொட்டகையைத் திறந்து அந்தப் பலகையில் ஒன்றை எடுத்து வந்தார்கள். அவருடைய காலுக்குக் கீழே என்றைக்கும் போடாத பலகையில் அவரைப் படுக்கவைத்துக் கட்டினார்கள். சேற்றில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல், தண்ணீர் ஏறட்டும், ஏறட்டும் என்று வெயிலில் உட்கார்ந்திருந்தோம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வைத்தியம் நன்றாகத்தான் செய்தார்கள், இடுப்புதான் சரியாகச் சேரவில்லை. அன்றிலிருந்து வாசல் கட்டிலும் ஊன்றுகோலும்தான் அவருக்கு. நான் தனி ஆளாக நிலத்தைப் பார்த்தேன். பாதியைக் குத்தகைக்கு விட்டேன், உன்னைப் படிக்க அனுப்பினேன்.

அதற்கப்புறம் ஒரு தடவை சுனாமி வந்த வருஷத்திலும் ஆபீசர்கள் வந்தார்கள். ஆற்று வழியாக ஏறின கடல் தண்ணீர் நம் வயல்களில் நின்று, நெல் கருகி, மண்ணே வெளுத்துக் கிடந்தது. மறுபடியும் கொட்டகை திறந்தது, மறுபடியும் பலகை வந்தது. போடாதீர்கள் என்று ஒவ்வொரு வீடாகப் போய்க் கெஞ்சினேன். யாரும் கேட்கவில்லை. கடைசியில் நானே போய்ப் பலகைக்குப் பக்கத்தில் சேற்றில் இறங்கி நின்றேன். முழங்கால்வரை. அவர்கள் என்னைப் பார்த்து, இது ஏன் இப்படி நிற்கிறது என்று கேட்கட்டும் என்று நின்றேன். கேட்டார்கள். ஒரு ஆபீசர், "ஏம்மா சேத்துல நிக்கறீங்க? பலகைல ஏறி வாங்க" என்று அன்பாகக் கை நீட்டினார். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். "அது அப்டித்தான் சார், கொஞ்சம் கோவக்காரம்மா" என்றார் தலைவர். நீங்கள் மீனவரா என்று கேட்டார்கள். இல்லை, விவசாயம் என்றோம். அப்படியானால் அது வேறு ஆபீஸ் என்று சொல்லிவிட்டு, வயலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் சேற்றிலேயே நின்றுகொண்டிருந்தேன். அத்தனை பேர் நடுவில் ஒருத்திகூட என் பக்கத்தில் வந்து இறங்கி நிற்கவில்லை, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இப்போது எதிர்க்கரையில் சொகுசு விடுதி கட்டியிருக்கிறார்களே, அதற்கு மட்டும் துறை எப்படி முளைத்தது என்று பார்த்தாய் அல்லவா? மரத்தில் இழைத்து, கைப்பிடி வைத்து, விளக்குப் போட்டு, ஒரே மழைக்காலத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஏகாம்பரத்தின் படகு அதன் பக்கம் போனால் காவல்காரன் விசில் ஊதுகிறான். அங்கே தங்குகிறவர்கள் சில நாள் அவன் படகை வாடகைக்கு எடுத்து நம் கரையைப் பார்க்க வருகிறார்கள். இறங்குவதில்லை. நாங்கள் சேற்றில் கூடை தூக்கிக்கொண்டு வருவதைப் போட்டோ எடுக்கிறார்கள். போன மாதம் ஒரு அம்மா, "எவ்ளோ அழகா இருக்கு, இந்த ஊரு மட்டும் கெடாம இருக்கு" என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கையிலிருந்த கத்தரிக்காய் கூடை அவள் மேல் போயிருக்கும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இவர்கள் உன்னைத் தோளில் தூக்கி வந்து, மாலை போட்டு, சாப்பாடு போட்டு, "எங்களுக்கு ஒரு தொறை கட்டிக் குடும்மா" என்று கேட்பார்கள். உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். நீ போகிறது வேறு மாவட்டம், சேர்ந்த அன்றைக்கே யாரும் உன் பேச்சைக் கேட்கப்போவதும் இல்லை. நான் உன்னிடம் அதைக் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு. உன்னை அனுப்புகிற இடமெல்லாம் நம்மைப்போலவே மரியாதை தெரிந்த மடையர்கள் இருப்பார்கள். உடைந்த மதகுக்கு மேல் மணல் மூட்டை அடுக்கி, அதன்மேல் துணி விரித்து, உன்னை நிற்கச் சொல்வார்கள். இருக்கிற ஒரே நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். கலங்கின தண்ணீரை ஒளித்துவிட்டு இளநீர் வெட்டுவார்கள். கஷ்டத்தைச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள், ஆனால் வீடு தேடி வந்தவளிடம் கஷ்டத்தைக் காட்ட அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள் என்று பார்த்து வேறு ஒரு நேரத்துக்குப் போ. உன் கால் படுகிற இடம் காய்ந்திருந்தால் ஏன் காய்ந்திருக்கிறது என்று கேள். அவர்கள் குடிக்கிற தண்ணீரையே வாங்கிக் குடி. உபசாரத்தைத் தட்டினால் அவர்கள் முகம் வாடும். வாடட்டும். அந்த முகத்துக்குப் பயந்துதான் அந்த நல்ல மனுஷன் ஷூவைக் கழற்றாமல் போனார்.

இதையெல்லாம் போகிற இடத்தில் செய்கிறேன் அம்மா, நம் ஊரில் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நீ சொல்வாய். முடியாது. இங்கே முடியாதவளுக்கு எங்கேயும் முடியாது. அதுவும் இவர்கள் உனக்குத் தருவது லேசான மரியாதை இல்லை. இந்த ஊரில் ஒரு பொம்பளையைத் தோளில் தூக்கினது கிடையாது. நான் நடந்தேன், எனக்கு முன்னால் வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் நடந்தார்கள். முதல் தடவையாக உன்னைத் தூக்குகிறோம் என்கிறார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, கல்லா நான்? ஆனால் ஒருத்தியைத் தூக்கிவிட்டால் மற்றவர்கள் நடப்பது சரியாகிவிடும் பார்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். கோபித்துக்கொண்டார். "வூட்டுக்கு வந்தவங்கள சேத்துல நடக்க வுடறதா? நம்ம பயக்கமா அது? இன்னாமே பேசற நீ?" என்றார். அவ நம்ம வீட்டுப் பொண்ணு, விருந்தாளி இல்லை என்றேன். ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், "எனக்கு இடுப்பு இருந்தா நானே தூக்கினு வருவேன்" என்றார். தன்னால் முடியாது என்று ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, எம் பொண்ண பதமா தூக்குடா, உலுக்காத என்று சொல்லியும் வைத்திருக்கிறார். அந்த ஆபீசரைச் சுமந்ததை இன்னும் பெருமையாகப் பேசுகிற மனுஷன் அவர். தன் இடுப்பு போன இடமும் அதே இடம் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றினதில்லை. நீ இறங்கி நடந்தால் அவருக்கு மனசு கஷ்டப்படும். தெரிந்துதான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் ஏறி நிற்குமாம், அதனால்தான் தலைவர் உன்னைக் காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறார். நீ காலையில் வராதே. சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி, தண்ணி வத்தின நேரத்துக்கு வா. அப்போதும் பலகை போட்டிருப்பார்கள், எட்டாத இடத்துக்குத் தோளைக் காட்டுவார்கள். நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போன மாதிரியே, பலகைக்குப் பக்கத்தில் இறங்கு. எங்கே ஆழம் என்று உன் காலுக்கு மறந்திருக்காது. நேராக அப்பா கட்டிலுக்குப் போ. அவர் பார்க்கட்டும். தலைவர் பார்க்கட்டும். இதைப் படகில் படித்துக்கொண்டிருக்கிற ஏகாம்பரமும் பார்க்கட்டும். வாசலில் நான் குடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பேன், ஆனால் எல்லாரும் நன்றாகப் பார்த்து முடிக்கிற வரைக்கும் ஊற்ற மாட்டேன். அப்புறம் நானே உட்கார்ந்து உன் காலைக் கழுவிவிடுகிறேன். எனக்கு யாரும் அதைச் செய்யவில்லை.

அம்மா